இருவரின் அசைவை அளக்க எந்த வழி? கருவி வாங்கும் முன் ஓர் ஒப்பீடு

இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒருவர் முன்னால் சாய்கிறார்; சற்று நேரத்தில் மற்றவரும் சாய்கிறார். கேட்பவர் தலையசைக்க, பேசுபவரின் கைகள் வேகம் பிடிக்கின்றன. பேச்சு முடியும் தறுவாயில் இருவரும் ஒன்றுபோல நாற்காலியில் பின்னுக்கு நகர்கிறார்கள். யாரும் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. இதைக் கவனித்து, இதைத்தான் ஆராய வேண்டும் என்று தீர்மானிப்பவர்கள் அடுத்த வாரமே கேட்பது: "எந்தக் கருவி வாங்கலாம்?"

இந்தக் கேள்வியோடு வந்த பல மாணவர்களுடன் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். கருவிகளின் பட்டியலைக் கையில் வைத்திருப்பார்கள். எது துல்லியம், எது மலிவு, எது சீக்கிரம் கிடைக்கும் என்பதெல்லாம் அத்துபடியாக இருக்கும். "அந்த இருவருக்கும் நடுவில் நீங்கள் தேடுவது எது?" என்று கேட்டால் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தோடு கருவி வாங்கியவர்கள் ஓராண்டு கழித்து மலைபோலக் குவிந்த தரவுகளுக்கு முன் திகைத்து நிற்பதையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்: சிறிய குழு, அளவான பணம், இருவர் பழகும்போது உடல்கள் என்ன செய்கின்றன என்ற ஆர்வம், ஆனால் எந்த வழியில் இறங்குவது என்று முடிவெடுக்காத நிலை.

ஒவ்வொரு முறையும் எதையோ வீசி எறிகிறது

1973-இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் குன்னார் யோஹான்சன் ஓர் ஆய்வை வெளியிட்டார். நடப்பவரின் முக்கிய மூட்டுகளில் மட்டும் சிறிய ஒளிப்புள்ளிகள், பத்துப் பன்னிரண்டு. மற்றதெல்லாம் இருட்டு. முகம் கிடையாது, உடை கிடையாது, உடலின் விளிம்புகூடத் தெரியாது. ஒரு ஃப்ரேமை நிறுத்திக் காட்டினால் ஏதோ நட்சத்திரக் கூட்டம் போலத்தான் இருக்கும். ஓட விட்டதும், பார்ப்பவர் சட்டென்று "யாரோ நடக்கிறார்" என்றார். யோஹான்சனின் பிந்தைய சோதனைகளில் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே அது போதுமானதாக இருந்தது.

நான் முறைகளை ஒப்பிடும்போதெல்லாம் இங்கிருந்துதான் தொடங்குவேன். யோஹான்சன் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் வீசி எறிந்தார். மிஞ்சியதில் என்ன இருக்கிறது என்பது அதனால்தான் தெளிவாகத் தெரிந்தது. எதை எறிகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைய கருவிகளும் எறிகின்றன. ஒன்று ஆழத்தை எறிகிறது, ஒன்று தூரத்தை, இன்னொன்று இருவருக்கும் இடையிலிருந்த இயல்பையே எறிந்துவிடுகிறது. உங்கள் கேள்விக்கு உயிரானது அந்தக் குப்பையில் போய் விழுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

வெறும் கண்ணும் வீடியோவும்

பழைய வழி இது. வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டி, எந்த நொடியில் யார் எதைச் செய்தார் என்று மனிதர்களே குறித்துக்கொண்டு போவது. 1966-இல் காண்டன், ஆக்ஸ்டன் என்ற ஆய்வாளர்கள் படச்சுருளை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி, பேசுபவரின் சொல்லோட்டத்தோடு கேட்பவரின் உடலும் சேர்ந்து நகர்வதாக எழுதினார்கள். 'ஊடாட்ட ஒத்திசைவு' என்ற கருத்துக்கு அது ஒரு தொடக்கம். இன்று நெதர்லாந்தின் நெய்மேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனம் உருவாக்கிய ஈலான் போன்ற இலவச சாஃப்ட்வேர் அந்த வேலையைப் பெருமளவு எளிதாக்கியிருக்கிறது.

மனிதக் கண்ணின் பலம், அதற்கு அர்த்தம் தெரியும் என்பது. ஒரு கை மேலே போவதை எந்தக் கருவியும் சொல்லும். அது கையசைப்பா, தடுப்பதா, தலைமுடியை ஒதுக்குவதா என்பதைப் பார்த்த மாத்திரத்தில் மனிதர் சொல்லிவிடுவார். உங்கள் கேள்வி 'ஆறுதல் சொல்லும் தொடுதல்' பற்றியதென்றால் வேறு கருவிகளைத் தேடி அலைய வேண்டாம்.

விலை, நேரத்தில் கொடுக்க வேண்டியிருக்கும். நொடிக்கு 30 ஃப்ரேம் ஓடும் பத்து நிமிட வீடியோவில் 18,000 ஃப்ரேம்கள். இரண்டு பேர் என்பதால் அதை இரண்டு தடவை பார்க்க வேண்டும். பிறகு, வேறொருவரும் தனியாக ஒரு பகுதியைக் குறித்து, இருவரின் குறிப்புகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கணக்கிட வேண்டும். கோஹன் கப்பா என்ற அளவு அதற்காகத்தான். சிக்கல் இன்னொன்றும் உண்டு, அது ஆழமானது. ஒத்திசைவைத் தேடும் கண்ணுக்கு எங்கும் ஒத்திசைவே தெரியும். காண்டனின் முறை மீது பிற்பாடு வந்த விமர்சனங்களில் இது முக்கியமானது.

இதற்கு 1988-இல் பெர்னியரி, ரெஸ்னிக், ரோசந்தால் மூவரும் கண்ட வழியை நான் இன்றும் வியப்போடு பார்க்கிறேன். தாயும் குழந்தையும் விளையாடும் காட்சிகளை எடுத்தார்கள். பிறகு ஒரு தாயின் படத்தையும் வேறொரு தாயின் குழந்தையின் படத்தையும் அருகருகே வைத்து, உண்மையில் சந்திக்காத ஜோடிகளை உருவாக்கினார்கள். மதிப்பிடுபவர்களுக்கு எது நிஜ ஜோடி, எது ஒட்டுப்போட்ட ஜோடி என்று தெரியாது. போலி ஜோடியிலும் கொஞ்சம் ஒத்திசைவு 'தெரியும்'. நிஜ ஜோடிக்குக் கிடைக்கும் மதிப்பு அதைத் தாண்டினால்தான் பேச்சு. இந்தப் போலி ஜோடியைப் பற்றிப் பின்னால் திரும்ப வருகிறேன். எந்தக் கருவியைவிடவும் இது முக்கியம் என்பது என் எண்ணம்.

கேமராவை வைத்துக்கொண்டு கணினியைப் பார்க்கச் சொல்வது

இதில் இரண்டு கிளைகள் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று உறவென்றாலும் குணம் வேறு.

முதலாவது மிக எளிது. அடுத்தடுத்த இரண்டு ஃப்ரேம்களை ஒப்பிட்டு, எத்தனை பிக்சல்கள் மாறின என்று எண்ணுவது. ஒவ்வொருவரைச் சுற்றியும் ஒரு கட்டம் வரைந்துகொண்டால், ஆளுக்கொரு அசைவு வரைகோடு கிடைக்கும். ராம்சேயரும் சாஹரும் 2011-இல் வெளியிட்ட உளசிகிச்சை ஆய்வு இந்த வழியில் நடந்ததுதான்: 70 பேரின் 104 சிகிச்சை அமர்வுகளின் வீடியோ. சிகிச்சையாளரும் வந்தவரும் எவ்வளவு சேர்ந்து அசைகிறார்கள் என்பதற்கும், அவர்களிடையே உள்ள உறவின் தரத்துக்கும், சிகிச்சையின் பலனுக்கும் தொடர்பு இருப்பதாகக் கண்டார்கள். யாருடைய உடலிலும் எதையும் ஒட்டவில்லை. ஏற்கெனவே பதிவான காட்சிகளே போதுமாக இருந்தன.

இந்த எளிய வழியை இளைய ஆய்வாளர்கள் ஏளனமாகப் பார்ப்பதுண்டு, அது சரியில்லை. 'எவ்வளவு அசைந்தார், எப்போது அசைந்தார்' என்பது மட்டும் போதுமான கேள்விகள் ஏராளம். ஆனால் எந்த உறுப்பு, எந்தத் திசை என்பது இதில் காணாமல் போகிறது. முன்னால் சாய்வதும் பின்னால் சாய்வதும் ஒரே மாதிரியான மேடாகத்தான் வரைகோட்டில் தெரியும். ஜன்னல் வழியே வெயில் மாறினாலும் அது 'அசைவு'தான். ஒருவரின் கை மற்றவரின் கட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் கணக்கு கெட்டது. கேமரா ஆடக் கூடாது, வெளிச்சம் மாறக் கூடாது, இருவரும் இடம் மாறக் கூடாது. உட்கார்ந்து பேசும் காட்சிக்கு இது பொருந்தும். எழுந்து நடமாடினால் பொருந்தாது.

இரண்டாவது கிளை, படத்திலிருந்து மூட்டுகளைக் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேர். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்து 2017-இல் வந்த ஓப்பன்போஸ் இதைப் பலருக்கும் எட்டும்படி செய்தது; பிறகு மீடியாபைப் போன்றவை வந்தன. மீடியாபைப் ஓர் உடலில் 33 புள்ளிகளைக் குறிக்கிறது. யோஹான்சன் ஒவ்வொரு மூட்டாக ஒட்டி எடுத்ததை, சாதாரண வீடியோவிலிருந்தே இன்று எடுத்துவிட முடிகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

சிலிர்ப்பு அடங்கிய பிறகு பார்க்க வேண்டியவை சில. ஒற்றைக் கேமராவுக்கு ஆழம் தெரியாது. கேமராவை நோக்கிச் சாய்பவரின் அசைவு சுருங்கிப்போகும். ஆகவே பேசும் இருவரைப் பக்கவாட்டிலிருந்து எடுப்பது நல்லது. முன்னால் சாய்வது அப்போது படத்தின் குறுக்கே நிகழும். இருவர் நெருங்கினால் சாஃப்ட்வேர் ஆள் மாற்றிவிடும்: இவரின் வலது மணிக்கட்டை அவருடையது என்று எழுதி, மூன்று ஃப்ரேம் கழித்துத் திருத்திக்கொள்ளும். அந்த மூன்று ஃப்ரேமில் இருவருக்கும் ஒரே நொடியில் பெரிய 'அசைவு' பதிவாகும். நீங்கள் தேடும் ஒத்திசைவு மாதிரியே அது இருக்கும்! இந்தப் பிழை இருவரிடமும் சேர்ந்தே நிகழ்வதால் சராசரியில் கரைந்துபோகாது. ஒவ்வொரு பதிவையும் எலும்புக்கூட்டுக் கோடுகளோடு ஒரு முறையாவது கண்ணால் ஓட்டிப் பார்க்காமல் எண்களை நம்பாதீர்கள்.

இங்கே தனியுரிமை பற்றியும் ஒரு வார்த்தை. "முகத்தை அழித்துவிட்டுப் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொள்கிறோம், ஆகவே ஆள் அடையாளம் தெரியாது" என்று ஒப்புதல் படிவத்தில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. 1977-இல் கட்டிங்கும் கோஸ்லோவ்ஸ்கியும் ஒளிப்புள்ளிகளாக மட்டும் தெரிந்த நடையைப் பார்ப்பவர்களிடம் காட்டி, அது அவர்களுடைய நண்பர்களில் யார் என்று கேட்டார்கள். குருட்டாம்போக்கில் சொன்னால் கிடைக்கக்கூடியதைவிட நன்றாகவே பார்த்தவர்கள் அடையாளம் கண்டார்கள். நடையே ஒருவரின் கையெழுத்து. பங்கேற்பவர்களிடம் அதை நேர்மையாகச் சொல்லிவிடுவதே முறை.

உடலில் கட்டும் சென்சார்

முடுக்கமானி, சுழற்சிமானி, காந்தமானி மூன்றும் ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்கியிருக்கும். மணிக்கட்டிலோ இடுப்பிலோ கட்டிவிட்டால் போதும். கேமராவின் பார்வை தேவையில்லை என்பது இதன் பெரிய வரம். ஒருவரை ஒருவர் மறைத்தாலும் பரவாயில்லை, கூட்டத்துக்குள் போனாலும் பரவாயில்லை, வெளிச்சம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நூறு பேர் சேர்ந்து ஆடும் நடனத்தில் யார் யாரோடு தாளம் சேர்கிறார்கள் என்பதைக் கேட்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இது தூரத்தை எறிந்துவிடும். முடுக்கத்திலிருந்து இடத்தைக் கணக்கிட இரண்டு தடவை தொகையீடு செய்ய வேண்டும். சிறு பிழையும் நேரத்தின் வர்க்கமாக வளரும். ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் கூடுவதாகக் காட்டும் நுண்ணிய மாறாப் பிழை இருந்தால்கூட, பத்து நொடியில் அரை மீட்டர் தள்ளிப்போகும்; ஒரு நிமிடத்தில் 18 மீட்டர். திருத்தும் உத்திகள் உண்டு. என்றாலும், 'இருவர் எவ்வளவு நெருங்கினார்கள்' என்பது உங்கள் கேள்வியென்றால் இந்த வழியை மறந்துவிடுங்கள். மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1966-இல் வகுத்த தூரங்களை நினைத்துப் பாருங்கள்: நெருக்கத்துக்கு ஏறக்குறைய 45 சென்டிமீட்டர், தனிப்பட்ட தூரத்துக்கு 1.2 மீட்டர். அரை மீட்டர் பிழையுள்ள கருவிக்கு நெருக்கமும் விலகலும் ஒன்றுதான்.

கடிகாரப் பிரச்சினையைப் பலரும் கடைசியில்தான் கண்டுபிடிக்கிறார்கள். இரண்டு சென்சாரில் இரண்டு கடிகாரங்கள். பத்து லட்சம் நொடிக்கு 20 நொடி பிழை என்பது சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரத்துக்கு நடக்கக்கூடியதுதான். அப்படியென்றால் ஒரு மணி நேரத்தில் 72 மில்லி நொடி. ஒன்று முந்தி, மற்றது பிந்தினால் இடைவெளி 144 மில்லி நொடி. யார் முதலில் அசைந்தார் என்ற கேள்வியைக் கேட்க வந்தவருக்கு இது பெரும் பள்ளம். பதிவின் தொடக்கத்தில் இரண்டு சென்சாரையும் ஒன்றாகச் சேர்த்து மேசையில் ஒரு தட்டு தட்டுங்கள். முடிவிலும் அப்படியே தட்டுங்கள். இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் கடிகாரங்கள் எவ்வளவு விலகின என்பது தெரிந்துவிடும், திருத்திக்கொள்ளலாம்.

மார்க்கர் ஒட்டிய மோஷன் கேப்சர்

எல்லோருக்கும் ஆசை இதன் மேல்தான். அறையைச் சுற்றி அகச்சிவப்புக் கேமராக்கள். உடலில் ஒளியைத் திருப்பியனுப்பும் சின்னப் பந்துகள். நொடிக்கு நூறு, இருநூறு முறை, மில்லிமீட்டருக்கும் குறைவான பிழையோடு முப்பரிமாண இடம். துல்லியம் என்றால் இதுதான் துல்லியம்.

அந்தத் துல்லியம் தேவைப்படும் கேள்விகள் நிச்சயம் இருக்கின்றன. 1920-களில் மாஸ்கோவில் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன், தேர்ந்த தொழிலாளர் சுத்தியலால் அடிப்பதை ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்தார். சுத்தியலின் நுனி ஏறத்தாழ ஒரே பாதையில் போகிறது. தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வோர் அடிக்கும் வெவ்வேறு விதமாக மாறுகின்றன. ஒரு மூட்டின் பிழையை இன்னொரு மூட்டு ஈடுகட்டுகிறது. இதுபோன்ற ஒரு நுட்பம் இருவருக்கு நடுவில், ஒரு பொருளைக் கைமாற்றும்போது, எப்படி நடக்கிறது என்று கேட்டால் மூட்டுக்கு மூட்டு துல்லியம் வேண்டும். கிறிஸ்டினா பெக்கியோவும் சக ஆய்வாளர்களும் 2008-இல் காட்டியது இன்னும் நுணுக்கம்: ஒத்துழைக்க எடுக்கும் கையும் போட்டி போட எடுக்கும் கையும் ஒரே பொருளை நோக்கிப் போகும்போதே வேறுபடுகின்றன. அந்த வேறுபாட்டைச் சாதாரண வீடியோவிலிருந்து துல்லியமாக அளந்தெடுப்பது கடினம்.

ஆனால் விலை இருக்கிறது, நான் பணத்தைச் சொல்லவில்லை. ஒருமுறை, முன்பின் அறியாத இருவர் நட்பாகும் தருணத்தைப் பதிவுசெய்ய முயன்றோம். இறுக்கமான உடை, ஆளுக்கு முப்பதுக்கும் மேலான மார்க்கர்கள், ஒட்டி முடிக்கவே முக்கால் மணி நேரம். பதிவு தொடங்கியதும் இருவரும் பரீட்சைக்கு வந்தவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தன் மணிக்கட்டில் இருந்த பந்து கழன்றுவிடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "முடிந்தது" என்று சொல்லி மார்க்கர்களைக் கழற்றத் தொடங்கியதுதான் தாமதம், இருவரும் சிரித்துக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டு, கைகளை வீசி வீசிப் பேசினார்கள். நாங்கள் தேடி வந்தது எங்கள் கண்ணெதிரே நடந்தது, கேமராக்கள் அணைந்திருந்தன. அன்று மாலை அந்த அறையில் உட்கார்ந்திருந்தது இன்னும் மனதில் இருக்கிறது.

இருவர் நெருங்கும்போது மார்க்கர்கள் மறையும் என்பதும் சேர்ந்துகொள்ளும். ஒரு மார்க்கரைக் குறைந்தது இரண்டு கேமராக்கள் ஒரே நேரத்தில் பார்த்தால்தான் அதன் இடம் தெரியும். கைகுலுக்கல், அணைப்பு, தோளில் கை போடுதல் என்று உறவின் முக்கியமான கணங்களில்தான் தரவு ஓட்டையாகும். அந்த ஓட்டைகளை நிரப்பி, பெயர் மாறிய மார்க்கர்களைச் சரிசெய்யும் வேலை பதிவை விடப் பல மடங்கு நேரம் பிடிக்கும். மில்லிமீட்டர் துல்லியம் மார்க்கரின் இடத்துக்குத்தான் என்பதையும் மறக்க வேண்டாம். மார்க்கர் தோலின் மேல் இருக்கிறது, தோல் எலும்பின் மேல் வழுக்குகிறது. சிறு குழந்தைகளோ, உடலில் எதுவும் ஒட்டுவதைத் தாங்காதவர்களோ பங்கேற்கும் ஆய்வுக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது.

அளந்தது கண்ணுக்குத் தெரிகிறதா?

இதுவரை சொன்னவை அசைவை அளப்பவை. அந்த அசைவை மற்றொரு மனிதர் எப்படி உணர்கிறார் என்பது வேறு கேள்வி. அதற்கு வேறு சோதனை வேண்டும். பதிவுசெய்த அசைவை ஒளிப்புள்ளிகளாக்கித் திரையில் காட்டி, பார்ப்பவரிடம் பதில் வாங்குவது. 2006-இல் நேரி, லூ, லெவி மூவரும் சண்டையிடும் ஜோடிகளையும் நடனமாடும் ஜோடிகளையும் குழப்புவதற்காகச் சேர்த்த வேற்றுப் புள்ளிகளுக்கு நடுவே காட்டினார்கள். இருவரின் அசைவும் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தபோது மனித உருவத்தைக் கண்டுகொள்வது எளிதாயிற்று. ஒருவரின் அசைவை நேரத்தில் தள்ளி வைத்துப் பொருத்தத்தைக் கெடுத்தபோது கடினமாயிற்று. ஒருவரை அடையாளம் காண, எதிரில் நிற்பவரின் அசைவு நமக்குக் கைகொடுக்கிறது.

2005-இல் லூலா, ஷிஃப்ரார் குழுவின் சோதனையில் இன்னொரு திருப்பம். ஒளிப்புள்ளிகளைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கச் சொன்னபோது மக்கள் நண்பர்களைவிடத் தங்கள் அசைவையே நன்றாக அடையாளம் கண்டார்கள். நம்மை நாமே வெளியிலிருந்து பார்ப்பது அரிது. நண்பரைத் தினமும் பார்க்கிறோம். அப்படியிருந்தும் இப்படி. பார்த்துப் பழகியது மட்டும் போதாது, செய்து பழகியதும் பார்வைக்குள் வந்து சேர்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

உங்கள் கேள்வி 'உணர்வது' பற்றியதென்றால், பதிவுக் கருவியில் குறைவாகவும் பார்ப்பவர்களின் எண்ணிக்கையில் அதிகமாகவும் செலவிடுங்கள். கொஞ்சம் நல்ல பதிவுகள் போதும். தலைகீழாகத் திருப்பிய உருவம், புள்ளிகளின் இடத்தைக் கலைத்த உருவம் என்ற இரண்டு ஒப்பீடுகள் இல்லாமல் இந்தச் சோதனையைத் தொடங்காதீர்கள். இவை இல்லாவிட்டால், பார்ப்பவர் உடலைப் பார்த்தாரா வெறும் புள்ளிகளின் வேகத்தைப் பார்த்தாரா என்பது தெரியாது.

'யார் யாரை மாற்றுகிறார்' என்ற காரணக் கேள்விக்கு மட்டும் மேற்சொன்ன எதுவும் முழுமையாக உதவாது. நிஜ ஜோடியில் ஒருவரைப் பிடித்து நிறுத்திவைக்க முடியாது. ஸ்காட் கெல்சோவின் குழு 2009-இல் செய்ததுபோல, ஒரு பக்கம் மனிதர், மறுபக்கம் சமன்பாட்டால் உடனுக்குடன் இயங்கும், திரையில் தெரியும் கை என்று வைத்தால் ஒரு முனை நம் கட்டுப்பாட்டில் இருக்கும். நிரல் எழுதத் தெரிந்தவர் குழுவில் இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள்.

கருவியைவிடப் பெரிய முடிவு

2007-இல் ரிச்சர்ட்சனும் குழுவினரும் இரண்டு ஆடும் நாற்காலிகளை அருகருகே போட்டார்கள். எடை சேர்த்து, ஒவ்வொன்றின் இயல்பான ஆட்ட வேகத்தையும் வேறாக்கினார்கள். மற்றவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தாங்களாக நினைக்காமலேயே இருவரின் ஆட்டமும் அவ்வப்போது ஒன்றுசேர்ந்தது. அதற்கும் முன்பு, 1990-இல் ஷ்மிட், கரெல்லோ, டர்வி மூவரும் ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டே காலாட்டும் இருவரிடம் இன்னொன்றைக் கண்டார்கள்: மாறிமாறி ஆட்டச் சொல்லி வேகத்தைக் கூட்டினால், ஒரு கட்டத்தில் இருவரும் ஒரே பக்கமாக ஆட்டத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரே மனிதரின் இரண்டு விரல்களில் கெல்சோ பார்த்த அதே தாவல், இரண்டு உடல்களுக்கு நடுவே கண் வழியாக நடக்கிறது.

இவை என்னை ஆட்கொண்ட ஆய்வுகள். அழகு எங்கே இருக்கிறதென்று பாருங்கள்: இரண்டிலும் அது கருவியில் இல்லை, ஒப்பீடு கச்சிதமாக இருக்கிறது. ஒருவரை ஒருவர் பார்க்கும்போது, பார்க்காதபோது என்று இரண்டு நிலைகள் இருந்தால்தான் ஒத்திசைவு என்ற சொல்லுக்கு உயிர் வருகிறது. ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை ஆடும் இருவரை வெவ்வேறு அறையில் வைத்தாலும் சில நேரம் அவர்கள் சேர்ந்து ஆடுவதாகத்தான் தெரியும். ஒரே பாட்டைக் கேட்பவர்கள் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒன்றாக அசைவார்கள். இவற்றையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதே இருவருக்கும் நடுவில் நடந்தது.

கழிக்க இரண்டு வழிகள் பழக்கத்தில் உள்ளன. பெர்னியரி செய்ததுபோல, சந்திக்காதவர்களைப் போலியாக ஜோடி சேர்ப்பது ஒன்று. ஒரே ஜோடியின் பதிவைத் துண்டுகளாக்கி, ஒருவரின் துண்டுகளை மட்டும் இடம் மாற்றிக் கலைப்பது மற்றொன்று. முதல் வழி, எல்லோருக்கும் பொதுவான பணியாலும் சூழலாலும் வந்த ஒற்றுமையைக் கழிக்கும். இரண்டாவது வழி, அந்த இருவரின் சொந்த வேகத்தால் வந்த ஒற்றுமையைக் கழிக்கும். இரண்டையும் செய்யுங்கள். துண்டின் நீளத்தையும், எத்தனை நொடி பிந்தினாலும் 'சேர்ந்தது' என்று கொள்வீர்கள் என்பதையும் தரவைப் பார்க்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். அந்த இரண்டு எண்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் வேண்டிய முடிவை வரவழைத்துவிடலாம். நல்ல மனிதர்களும் அறியாமல் அதில் விழுகிறார்கள்.

இன்னொரு கணக்கும் முடிவை மாற்றும். இங்கே எண்ணிக்கையின் அலகு ஜோடி. நாற்பது பேரை அழைத்தால் உங்களிடம் இருப்பது இருபது. மார்க்கர் வழியில் பதினைந்து ஜோடிகளுக்கே மூச்சு வாங்கும் குழு, வீடியோ வழியில் அதே காலத்தில் அறுபதைத் தாண்டலாம். ஒருவர் சாய்ந்த பிறகு மற்றவர் சாய அரை நொடியோ ஒரு நொடியோ ஆகிறது என்றால், 33 மில்லி நொடிக்கு ஒரு படம் எடுக்கும் சாதாரணக் கேமராவே அதைத் தாராளமாகப் பிடிக்கும். அந்தக் கேள்விக்கு மில்லிமீட்டரில் செலவிட்டு ஜோடிகளில் சிக்கனம் பிடிப்பதை நான் தவறு என்றே சொல்வேன்.

என் தேர்வு

பேச்சு, விளையாட்டு, கற்பித்தல், சிகிச்சை என்று இருவர் பழகுவதை ஆராயப் புதிதாக இறங்குபவருக்கு: அசையாத இரண்டு கேமராக்கள், ஒன்று பக்கவாட்டில், மூட்டுகளைக் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேர், பதிவில் ஐந்தில் ஒரு பங்கைக் கண்ணால் குறிக்க இரண்டு பேர், நிறைய ஜோடிகள், போலி ஜோடிகளோடு ஒப்பீடு. என்னிடம் பணம் அதிகம் இருந்தாலும் முதல் ஆய்வை இப்படித்தான் செய்வேன்.

கூட்டமாக ஆடுவதோ, வீட்டுக்கு வெளியே நாள் முழுக்கத் தொடர்வதோ என்றால் சென்சாருக்குப் போங்கள். கேள்வி விரல்களிலும் மூட்டுகளிலும் குடியிருந்தால், அதுவும் இருவரும் ஒருவரையொருவர் தொடாத பணி என்றால், மார்க்கர்தான். ஆனால் முழு உடலுக்கும் ஒட்டாமல் கேள்விக்குத் தேவையான கைக்கு மட்டும் ஒட்டினால் பாதிச் சிரமம் குறையும். தொடுதலும் அரவணைப்பும் பொருளென்றால் மனிதக் கண்ணுக்கே திரும்புங்கள், நேரம் பிடித்தாலும். ஏற்கெனவே எடுத்த பழைய வீடியோக்கள் கையில் இருந்தால், ஃப்ரேம்களை ஒப்பிடும் எளிய வழியை முதலில் ஓட்டிப் பாருங்கள். ஒரு வாரத்தில் கேள்வி கூர்மையாகிவிடும்.

எதை வாங்குவதற்கும் முன் ஒரு மதியத்தை இதற்கு ஒதுக்குங்கள். இரண்டு நண்பர்களை உட்காரவைத்து, கைபேசியை ஒரு மேசையில் நிறுத்தி, பத்து நிமிடம் பேசவிட்டு எடுங்கள். ஒலியை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். நீங்கள் ஆராய நினைத்தது எந்த நொடியில் நடக்கிறது என்று தாளில் குறியுங்கள். பிறகு அதே பதிவை இலவச சாஃப்ட்வேருக்குக் கொடுத்து, வரும் வரைகோட்டை அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வையுங்கள். நீங்கள் குறித்த நொடிகளில் கோடு எழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பினால் கேமரா போதும். கண்ணுக்குத் தெரிந்தது கோட்டில் இல்லையென்றால், அது விரல் நுனியில் நடந்ததா, இருவருக்கும் நடுவிலுள்ள தூரத்தில் நடந்ததா, பார்வையில் நடந்ததா என்று அந்த நொடிகளை மட்டும் மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஒரு நொடியைக்கூடக் குறிக்க முடியவில்லையென்றால், கருவிப் பட்டியலை மூடி வைத்துவிட்டு இன்னும் இரண்டு பேரை அழைத்து உட்காரவையுங்கள்.